குடை, சாவி, முருங்கைக்காய்

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் லிங்கதுரை. அவனுக்குப் பிறகுதான் உப்பளத்துக் கணக்கப்பிள்ளை, கணக்கப்பிள்ளைக்குப் பிறகு என் பெண்டாட்டி செந்தூர்க்கனி, அதற்கும் பிறகு எத்தனையோ பேர். ஆனால் வரிசையில் முதல் ஆள் அவன்தான். நாற்பத்து நாலு வருஷமாக அந்த இடத்தை நான் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. இப்போது அவன் அந்தக் கதவுக்கு உள்ளே ஞாபகப் பரிட்சையில் உட்கார்ந்திருக்கிறான், நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் செருப்புக்குக் காவல் இருக்கிறேன். செருப்பைக் கழற்ற வேண்டாம் ஐயா என்று, மருந்துச் சோதனைக்கு ஆள் சேர்க்கிற பியூலா சொல்லியும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி அறையைக் கண்டதும் கழற்றி என் காலடியில் தள்ளிவிட்டுப் போனான். முக்கால் மணி நேரம் ஆகும் என்றாள். சுவரில் கடிகாரம் இருக்கிறது, பெரிய முள் எட்டில் நிற்கிறது. குடை, சாவி, முருங்கைக்காய். இந்நேரம் கேட்டிருப்பார்கள். முதலில் மூன்று சொல்லைச் சொல்வார்கள், நடுவில் கிழமை என்ன, மாசம் என்ன என்று வேறு எதையாவது கேட்டு ஆளைத் திசை திருப்புவார்கள், பிறகு அந்த மூன்று சொல் என்ன என்று திரும்பக் கேட்பார்கள். சொல்லிவிடுவான். என் பயமே அதுதான். மூன்றையும் சொல்லிவிடுவான்.

எதிர்ச் சுவரில் ஒரு மூளையின் படம் ஒட்டியிருக்கிறார்கள், அக்ரூட் கொட்டையை உடைத்து வைத்த மாதிரி. அதன் கீழே எழுத்து. நான் மூன்றாம் வகுப்பு, எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன், ம ற தி என்று மூன்று எழுத்தைக் கூட்டுவதற்குள் ஒரு நர்ஸ் குறுக்கே வந்துவிட்டாள், மறுபடி முதலிலிருந்து. பியூலா எங்கள் குடியிருப்புக்கு முதன்முதலில் வந்தபோதும் ஒரு காகிதத்தோடுதான் வந்தாள். மாசி மாசம், ஸ்கூட்டரில், தோளில் கனத்த பையோடு. மறதி நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்களாம், அதற்கு ஆள் சேர்க்கிற வேலை அவளுக்கு. உப்பளத்து ஜனம் எண்பது வீடு, ஒரு வீட்டிலும் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கூட்டம் வந்து எல்லோர் கையிலும் ரத்தம் எடுத்துப் போனது, கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தது, முடிவைச் சொல்ல வருகிறோம் என்றது. இன்றுவரை வரவில்லை. அவர்களும் என் வரிசையில் இருக்கிறார்கள். அதனால் நானும் பேசவில்லை. அவள் ஐந்தாவது தடவை வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் போய், நீ எதுக்கும்மா சும்மா சும்மா வாறே, டவுனில் ஆளா இல்லை என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "டவுன் ஆளுங்க நிறைய இருக்காங்க ஐயா. படிச்சவங்க, வசதியானவங்க. இந்த மாதிரி சோதனையில எல்லாம் அவங்கதான் இருக்காங்க. உங்க ஜனத்துல ஒருத்தர்கூட இல்ல. நாளைக்கு மருந்து வந்தா, உங்களுக்கு அது கேக்குமா கேக்காதான்னு சொல்ல யாராலும் முடியாது" என்றாள். அது எனக்குப் பிடித்துப்போனது. எங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று ஒருத்தி எங்கள் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நான் அவளுக்கு ஆள் ஆகிவிட்டேன். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். கூப்பிட்டவன் நான்தான். கெடுத்தவனும் நான்தான், ஆனால் அதை இப்போது நினைக்க வேண்டாம், அந்தச் செவ்வாய்க்கிழமையையும் நினைக்க வேண்டாம்.

சங்கக் கட்டடத்தில் மேசை போட்டு அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கேட்டாள். தப்பாகச் சொன்னவர்களுக்கு முதியோர் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். முதலில் போய் வந்தவள் வெளியே வந்ததும் வரிசையில் நின்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். குடை, சாவி, முருங்கைக்காய். பத்தாவது ஆள் போவதற்குள் வரிசை முழுக்க முணுமுணுப்பு, கோயிலில் மந்திரம் சொல்கிற மாதிரி. மத்தியானம் பிள்ளைகள் அதைச் சொல்லி நொண்டி விளையாடின. அறுபத்து மூன்று பேர், அறுபத்து மூன்று பேரும் முழு மார்க். பியூலா காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல ஒருத்தருக்கும் மறதியே இல்லையே ஐயா" என்றாள். "வெயில்ல காஞ்ச மூளைம்மா, லேசுல கெடாது" என்றேன். அவள் சிரித்தாள். நானும் பெருமையாகச் சிரித்தேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு வரிசையில் நிற்காதவன் லிங்கதுரை ஒருத்தன்தான். அவன் அந்நேரம் தோளில் உப்பு வாருகிற வாருபலகையைச் சாத்திக்கொண்டு மொட்டை வெயிலில் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த உப்பளத்தை மூடிப் பன்னிரண்டு வருஷம், அங்கே இப்போது குடோன் நிற்கிறது. பியூலா திரும்பிப் போகிற வழியில் அவனைப் பார்த்து, ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டாள். இவரைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் யார் என்று கேட்டாள். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். கொம்பையாதான் தினமும் அவர் வீட்டில் கிடக்கிறார், மச்சான் மேல் அவ்வளவு பிரியம் என்றார்கள்.

பிரியம். அவன் என் பெண்டாட்டிக்கு அண்ணன். அவன் மகள் திருப்பூரில் இருக்கிறாள், அவன் பெண்டாட்டி உயிரோடு இல்லை, என் பெண்டாட்டியும் இல்லை. மத்தியானம் சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். வர வேண்டியதை வாங்காமல் வாசலை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறவனைப் பிரியமானவன் என்று ஊர் சொல்கிறது. சொல்லட்டும். எனக்கு வர வேண்டியது ஒரு வாக்கியம். நாலு பேர் கேட்க அவன் வாயால் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம். எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் முடிந்து ஐந்து மாசம். நாலு பாத்தியில் உப்பு விளைந்து பளிங்கு மாதிரி நின்றது, மறுநாள் காலையில் வார வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் மடையை அடைக்கிற முறை லிங்கதுரைக்கு. அவன் அடைக்கவில்லை. மறந்துவிட்டான். வேறு ஒன்றும் இல்லை, ஆள் மறந்துவிட்டான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டான். ராத்திரி முழுக்க உப்பு ஏறாத இளந்தண்ணீர் பாய்ந்து நாலு பாத்தி உப்பும் கரைந்துபோனது. காலையில் நாற்பது பேர் வரப்பில் நிற்கிறோம், கணக்கப்பிள்ளை கேட்கிறார், கடைசியாகப் போனது யார். லிங்கதுரை என்னைப் பார்க்கவில்லை. தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு, கொம்பையாதான் என்றான். கணக்கப்பிள்ளை என் கன்னத்தில் அடித்தார். செந்தூர்க்கனி தலையில் கூடையோடு மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், பெண் கொடுத்த வீட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேனா, அல்லது அவனே சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேனா. காத்திருந்தேன் என்றுதான் தோன்றுகிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அது ஒரு மறதி. யாருக்கும் வருவது. அவன் சொல்லவில்லை, அதனால் அது என் தலையில் ஏறி உட்கார்ந்தது. எந்த உப்பளத்திலும் எனக்கு வேலை இல்லை, பதினோரு வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன்.

பெரிய முள் ஒன்பதைத் தாண்டிவிட்டது. உள்ளே ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். செந்தூர்க்கனி அண்ணன் சொன்னதைத்தான் நம்பினாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவள் சண்டைக்காரி இல்லை. நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்போதெல்லாம் "அடைச்சாச்சா?" என்பாள். அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்குப் போகும்போது, ஓட்டுப்போடப் போகும்போது, அவளையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன கடைசி நாளிலும், ஆட்டோவில் படுத்துக்கொண்டு, அடைச்சாச்சா. அதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எல்லோர் வீட்டிலும் பெண்டுகள் கேட்பதுதான். ஆனால் நான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் கன்னம் சுட்டது. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது, இன்றைக்குக் காலையிலும் லிங்கதுரையை பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு நான் ஒரு தடவை திரும்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வருவதற்குள் அவன் வேறு பஸ்ஸில் ஏறப் பார்த்தான், ஒரு பெண் கையைப் பிடித்து வைத்திருந்தாள். "உங்க அப்பாவா?" என்று கேட்டாள். எனக்கு எழுபது, அவனுக்கு எழுபத்து நாலு. அவ்வளவு தளர்ந்துவிட்டான். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன், கீழிருந்து மேலாக, ஒன்று தப்பி.

பியூலா இந்தத் தேதியைக் கொடுத்தபோது நடுவில் பதினைந்து நாள் இருந்தது. திருப்பூர் மகளிடம் போனில் பேசிவிட்டாள். காகிதத்தை ஒவ்வொரு வரியாக எங்களுக்குப் படித்துக் காட்டினாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கிற வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது. எப்போது வேண்டாம் என்றாலும் நின்றுகொள்ளலாம். போன ஞாபகம் திரும்பி வராது, இருக்கிறது கொஞ்ச நாள் கூட நிற்கலாம், நிற்காமலும் போகலாம். அந்த வரியில் என் காது நின்றுவிட்டது. இருக்கிறது நிற்கலாம். அப்படியென்றால் அந்த மடையும் அந்தக் காலையும் அவன் தலைக்குள் இன்னும் எங்காவது இருந்தால் அது நிற்கும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வேறு ஒரு யோசனை வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. பெரிய டாக்டர் ஒருத்தர் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்கு மறதி நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு என்ன ஆகும்? ஊர் முழுக்கப் பாவம் லிங்கதுரை என்று சொல்லும். ஒரு பாவப்பட்டவனிடம் போய் நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது என்று நான் எப்படிக் கேட்பது? நாற்பத்து நாலு வருஷத்தையும் ஒரு காகிதம் ரத்து செய்துவிடும். அதனால் அவன் பரிட்சையில் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். வெளியே எல்லோரிடமும் சொன்னது வேறு. டவுன் டாக்டர் முன்னால் நம்ம ஆள் பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது, நம்ம ஜனத்துக்கே கேவலம் என்று சொன்னேன். அவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தினமும் காலையில் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். என்ன கிழமை, என்ன மாசம், முதல் மந்திரி யார், நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு. தரையில் கரிக்கட்டியால் வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொன்னேன். குடை, சாவி, முருங்கைக்காய். இன்றைக்குக் காலையில் இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் பியூலா எனக்குச் சொன்னாள், ஏதோ வானிலை சொல்வது மாதிரி, மார்க் ஒரு அளவுக்கு மேல் வந்துவிட்டால் சேர்க்க மாட்டார்கள் ஐயா, ஞாபகம் நன்றாக இருக்கிறவருக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று. அதற்குள் கதவு திறந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் எழுந்தேன். எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். அன்றைக்கு வரப்பில் நின்ற மாதிரியே வாயைத் திறக்காமல்.

சரி, செவ்வாய்க்கிழமை. நினைக்காமல் இருக்க முடியவில்லை. போன செவ்வாய் காலை, இட்லி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். குடை சொன்னான், சாவி சொன்னான், மூன்றாவதுக்கு உப்பு என்றான். இல்லை, யோசி என்றேன். உப்பு என்றான். குடை, சாவி, உப்பு. ஏழெட்டுத் தடவை. சிரித்துக்கொண்டே சொன்னான், அந்தச் சிரிப்புத்தான் என்னை என்னவோ செய்தது, என் கை போய்விட்டது. கன்னத்தில் அடித்துவிட்டேன். லேசாக இல்லை. நான் மூட்டை தூக்கின கை. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினான், என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான்தான் மறந்துட்டேன் ஐயா. கொம்பையா இல்ல. அடிக்காதீங்க ஐயா." நாற்பத்து நாலு வருஷம் காத்திருந்த வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகாமல். ஆனால் அவன் அதை என்னிடம் சொல்லவில்லை. செத்து மண்ணாகிப்போன கணக்கப்பிள்ளையிடம் சொன்னான். அவர் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன், அவர் ஓங்கின கையை நான் வைத்திருக்கிறேன். அதோடு விட்டிருந்தால்கூட நான் மனுஷன். விடவில்லை. அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினேன், இன்னொரு தடவை சொல்லு, சொன்னதைத் திருப்பிச் சொல்லு என்று. பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு அவர்கள் காதில் விழத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும் என்று பறந்தேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுங்கி நடுங்கிச் சொன்னான். குடை, சாவி, முருங்கைக்காய். மூன்றும் சரி. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவன் அந்த மூன்றில் தப்பவில்லை. அடி வாங்கினது எங்கே போய் உட்கார்ந்துகொண்டதோ, அது மறக்கவில்லை. அந்த இட்லியை நான் திரும்ப வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியாது. அவன் அன்றைக்கு மத்தியானம் வரை பட்டினி.

கதவு திறந்தது. பியூலா மட்டும் வந்தாள், முகத்தில் ஒரு யோசனை. "ரொம்ப நல்லாச் சொல்றாங்க ஐயா. அன்னிக்கு ரோட்ல பார்த்தவரா இவருன்னு எனக்கே சந்தேகமாயிட்டு. இப்படி இருந்தா சேர்க்க முடியாது" என்றாள். அடுத்து என்னிடம் கேட்க வேண்டுமாம், கூட இருக்கிறவர் சொல்வதையும் எழுத வேண்டுமாம். பக்கத்து அறையில் மேசைக்கு எதிரே உட்கார வைத்தாள். கடந்த ஒரு வருஷத்தில் அவருக்கு ஏதாவது மறந்துபோனதா, பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள். எல்லாம் என்று சொல்லலாம். ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம், சொன்னால் இப்படியே எழுந்து பஸ் ஏறிவிடலாம், அவன் காகிதத்தில் நல்லவனாக, ஞாபகக்காரனாக, எனக்குக் கொடுக்க வேண்டியதை இன்னும் கொடுக்க வேண்டியவனாக இருப்பான். தலைக்குள் மட்டும் நாலு பாத்தியும் கரைந்துகொண்டிருக்கும். மடை எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

"நான் சொல்லிக் கொடுத்தேம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "மூணு சொல்லையும், கடிகாரத்தையும், எல்லாத்தையும். பதினஞ்சு நாளா." அவள் பேனாவைக் கீழே வைத்தாள். எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான் சொன்னார்கள், வரிசையில் கேட்டுக் கேட்டு, பென்ஷன் போய்விடும் என்று பயந்து, என்றேன். "அறுபத்து மூணு பேருமா?" என்று கேட்டாள். அறுபத்து மூணு பேரும்தான். நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள், ஒரு நிமிஷம் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை அடைத்து வைக்கிற வேலையை ஒருத்தன் எனக்குச் செய்திருக்கிறான், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "அடிச்சும் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன். எங்கே என்று கேட்டாள். என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் பேனாவை மறுபடி எடுத்தாள். பிறகு, இதை நான் எழுதியாகணும் ஐயா, டாக்டர்கிட்டயும் அவங்க மகள்கிட்டயும் சொல்லியாகணும் என்றாள். குரலில் கோபம் இல்லை, முன்னால் இருந்த அந்த ஒட்டுதலும் இல்லை. எழுதும்மா என்றேன். வேறு சொற்கள் வைத்து இன்னொரு பரிட்சை இருக்கிறதாம், ஒரு மாசம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். அதற்கு அவனோடு நான் வருவதா, வேறு ஆளா என்பதை மகள் சொல்ல வேண்டுமாம். எங்கள் ஊருக்கும் முதலிலிருந்து வருவாளாம். அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகத் தெரிந்ததில் என் பேரை மட்டும் கூட்டிப் படித்துவிட்டேன். கொ, ம், பை, யா.

வெளியே வந்தால் லிங்கதுரை என் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த பிஸ்கட்டை டீயில் நனைக்காமல் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "மாப்ள, மூணையும் சொல்லிட்டேன். ஒண்ணுகூட விடல. இனிமே அடிக்க மாட்டீருல்லா?" என்றான். பியூலா எனக்குப் பின்னால் காகிதத்தோடு நிற்கிறாள். தண்ணீர் பிடிக்க வந்த நர்ஸ் நிற்கிறாள். வரிசையில் காத்திருக்கிற இரண்டு குடும்பம் இருக்கிறது. எனக்கு எப்போதும் வேண்டியிருந்தது இதுதான், நாலு பேர், ஒரு காகிதம், என்னை அடையாளம் தெரிந்து மாப்ள என்று கூப்பிடுகிற லிங்கதுரை. இப்போது கேட்கலாம். மச்சான், அன்னிக்கு மடைய அடைக்காதது யாரு? மெதுவாகக் கேட்டாலும் சொல்லிவிடுவான். கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, என்ன வேண்டுமானாலும் சொல்லிவிடுவான். அதுதான் அதில் உள்ள கேடு. "அடிக்க மாட்டேன் மச்சான்" என்றேன். குனிந்து அவன் செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிட்டேன், வலதுக்கு இடதை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினேன். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் சொன்னது கணக்கப்பிள்ளைக்குச் சொன்னது, எனக்குச் சொன்னதில் சேராது. எனக்குச் சொல்ல வேண்டியது அப்படியே இருக்கிறது. படியில் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், ஒவ்வொரு படியாக. பாதியில் நின்று, வீட்டைப் பூட்டினோமா என்று கேட்டான். பூட்டியாச்சு என்றேன்.